ஒழுங்கா நட: பால்புதுமைப் பிள்ளைப்பருவத்தைச் சிறுகதையாக எழுதுவது எப்படி

பால்புதுமைப் பிள்ளைகள் என்றால், ஆண், பெண் என்று ஊர் வகுத்த வரையறைக்குள் அடங்காத (குயர்) பிள்ளைகள். அவர்களைப் பற்றிய கதைகளின் முதல் வரைவில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முப்பது வயதுக்காரரின் சொற்களும் தெளிவும் வந்துவிடும். ‘என் பாலின அடையாளத்தை இந்தச் சமூகம் ஏற்கவில்லை’ என்று ஏழாம் வகுப்புப் பையன் நினைக்கமாட்டான். தான் நடந்துபோகும்போது டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றுபோகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஏன் நிற்கிறது என்று தெரியாது. வாசகருக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரிந்ததற்கும் வாசகருக்குத் தெரிந்ததற்கும் நடுவில் உள்ள அந்த இடத்தில்தான் கதை நடக்கிறது. எழுதுகிறவர் நடுவில் புகுந்து விளக்கினால் அந்த இடம் அடைபட்டுப்போகும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே அதை அடைபடாமல் வைத்திருப்பதற்குத்தான்.

வயது, வருடம், ஊர்

முதல் வாக்கியம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘வயது 13, வருடம் 2004, திண்டுக்கல் பக்கம் ஒரு டவுன்’ என்கிற அளவுக்குத் துல்லியம் வேண்டும். ‘தொண்ணூறுகளில் ஒரு கிராமம்’ என்றால் போதாது.

வருடம் ஏன் முக்கியம் என்றால், பிள்ளைக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன வழி இருந்தது என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. 2004இல் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஆனால் பக்கத்து கேபினில் அண்ணன்மார் இருக்கிறார்கள், கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும். வீட்டு போன் ஹாலில், எல்லார் காதுக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. 2019 என்றால் டிக்டாக் இருக்கிறது. அம்மாவின் போனில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஆடிய பையனுக்கு அங்கே ரசிகர்களும் கிடைத்தார்கள், வசவும் கிடைத்தது. 2020 ஜூன் கடைசியில் அரசு அந்தச் செயலியைத் தடைசெய்ததும் இரண்டும் ஒரே நாளில் போயின. ஊரடங்கு வேறு. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத மாதங்களில் அந்தப் பிள்ளை யாருக்கு ஆடிக் காட்டும்? இது ஒன்றே ஒரு கதைக்குத் தாங்கும்.

சட்ட வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கதைக்குள் அப்படியே இறக்காதீர்கள். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 செப்டம்பர் 6இல் மீண்டும் விடுதலை வந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தேதிகள் தேதிகளாக வருவதில்லை. ஹாலில் செய்தி ஓடுகிறது, அப்பா ரிமோட்டை எடுக்கிறார், பிள்ளை தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சேனல் மாறும் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. கதைக்கு அவ்வளவு போதும்.

இதிலேயே இன்னொரு கண்ணி உண்டு. பிள்ளையை ‘சரிசெய்ய’ டாக்டரிடம் கூட்டிப்போகும் காட்சி நிறைய வரைவுகளில் வரும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் இப்படிப்பட்ட ‘சிகிச்சை’களுக்கு எதிராக உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. எனவே உங்கள் கதை 2010இல் நடந்தால் டாக்டர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பேசலாம், மாத்திரைச் சீட்டில் பெயர் போட்டு எழுதலாம். 2023 என்றால் அதையே குரலைத் தாழ்த்திச் சொல்வார். சீட்டில் வேறு ஏதாவது எழுதுவார். காட்சியின் நடிப்பே மாறிவிடும்.

யாழ்ப்பாணத்தில் வைக்கிறீர்கள் என்றால் சட்டம் வேறு, பள்ளிச் சீருடை வேறு, பேச்சும் வேறு. கேள்விப்பட்டதை வைத்து எழுதாமல் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதி

நம் ஊரில் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாகப் பிரிக்கப்படும் இடங்களைப் பட்டியல் போட்டால் இரண்டு பக்கம் வரும். பிரேயர் வரிசை, பெஞ்ச், டவுன் பஸ்ஸில் முன்வாசல் பின்வாசல், பாண்டி ஆடுவது யார் கில்லி அடிப்பது யார், கோலப்பொடி டப்பாவை யார் தொடலாம், யார் சம்மணம் போடலாம், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம், கையை எவ்வளவு வீசி நடக்கலாம். இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தை எடுத்தால் கதை புகார்ப் பட்டியலாகிவிடும்.

எடுத்த விதி சரியானதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை ஒரே வாக்கியத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டே சொல்ல முடிய வேண்டும். ‘வயசுக்கு வந்த புள்ள, கால ஒடுக்கி உக்காரு.’ ‘கைய ஒடிக்காம ஒழுங்கா நட.’ அப்படிச் சொல்ல வரவில்லை என்றால் உங்களிடம் கரு இருக்கிறது, கதை இன்னும் இல்லை.

பொருளோடு ஒட்டிய விதி கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி மைதானத்தில் இரண்டு வகை நிற்கும்: பையன்களுக்குக் குறுக்குக் கம்பி வைத்தது, பெண்களுக்குக் கம்பி இறங்கி முன்னால் கூடை வைத்தது. ஒரு பிள்ளை தன் பெயர் கூப்பிடும்போது எந்த வரிசையைப் பார்க்கிறது, எந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறது, முதல் வாரமே கூடையைக் கழற்ற ஸ்பேனர் கேட்டு எந்தக் கடைக்குப் போகிறது, கடைக்காரர் ‘எதுக்குக் கண்ணு கழட்டுற, புக்கு வைக்க ஆவும்ல’ என்னும்போது என்ன பொய் சொல்கிறது என்று போனால் கதைக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கிறது. பிள்ளை தன்னைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டாம்.

பஸ் டிக்கெட்டும் அப்படித்தான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. பிறகு திருநங்கைகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. முடி வளர்த்து, பள்ளிப் பையோடு, பின்வாசலில் ஏறிய ஒரு பதினேழு வயதுப் பிள்ளை. கண்டக்டரின் விரல் டிக்கெட் கட்டுகளுக்கு மேல் அரை நொடி நிற்கிறது. பிள்ளை சில்லறையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டிருக்கிறது, அந்த அரை நொடி வராமலிருக்க. வந்துவிடுகிறது. இந்தக் காட்சியை எழுத 300 சொற்கள் எடுத்துக்கொண்டாலும் வாசகர் சலிக்கமாட்டார்.

வீட்டுக்குள் இடம் பாருங்கள்

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியதால் நம் கதைகளுக்குள்ளும் தனி அறை வந்துவிடுகிறது. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று அக்காவின் துப்பட்டாவைப் போட்டுப் பார்க்கிறது. எந்த வீட்டில்? ஹால், சமையலறை, பின்னால் ஒரு அறை என்றிருக்கும் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு குளியலறைக்குத்தான். ஆள் உயரக் கண்ணாடி ஒன்றே ஒன்று, அது பீரோவில் பதித்தது. பீரோ பெரும்பாலும் எல்லாரும் படுக்கிற அறையில் இருக்கும். அதன் கதவைத் திறந்தால் கிறீச்சென்று கத்தும்.

இதைத் தடையாக நினைக்காதீர்கள். கதைக்கு வேண்டிய இறுக்கம் அங்கிருந்துதான் வரும். ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போடுங்கள். யார் எங்கே படுக்கிறார், பீரோ எந்தச் சுவரில், வாசலில் நின்றால் கண்ணாடி தெரியுமா, பாட்டி எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போவார், தண்ணி லாரி வரும்போது யார் வெளியே போவார். தண்ணி லாரி வந்து போகிற இருபது நிமிடம்தான் பிள்ளைக்குக் கிடைத்த தனிமை என்றால், காட்சிக்குக் கடிகாரம் தானாக வந்துவிடும். குடத்தின் சத்தம் கேட்டதும் துப்பட்டாவை மடிக்க வேண்டும். அம்மா மடிப்பது நாலாக, பிள்ளை அவசரத்தில் மூன்றாக மடித்துவைக்கிறது. மாலையில் அம்மா பீரோவைத் திறந்து, பார்த்து, எதுவும் கேட்காமல் மறுபடி நாலாக மடிக்கிறார். அந்த வீட்டில் நடக்கும் மிகப் பெரிய உரையாடல் அதுதான்.

சாதியும் காசும் இந்த வரைபடத்தில் தெரிந்துவிடும், தெரிய வேண்டும். காலனி வீட்டுப் பிள்ளைக்கும் அக்ரகாரத்துப் பிள்ளைக்கும் ஹாஸ்டல் பிள்ளைக்கும் மறைவிடம் ஒன்றல்ல, அடியும் ஒன்றல்ல. ஒரு பிள்ளையின் நடையைக் கேலி செய்கிறவன் அதே மூச்சில் அதன் தெருவையும் கேலி செய்வான். அதை விட்டுவிட்டு நடையை மட்டும் எழுதினால் கதை காற்றில் நிற்கும்.

டா, டி, விகுதி

தமிழில் எழுதுகிறவருக்கு உள்ள சிக்கல் இது. உதவியும் இதிலேயே இருக்கிறது. படர்க்கையில் ஒரு வினைமுற்றை முடித்தாலே ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். வந்தான், வந்தாள். தன்மையில் அந்தத் தொல்லை இல்லை: ‘வந்தேன்’ யாரையும் காட்டிக்கொடுக்காது. அதனால் நிறையப் பேர் யோசிக்காமலே ‘நான்’ என்று தொடங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் ‘நான்’ சொல்லும் கதையில் சொல்கிறவருக்கு இப்போது என்ன வயது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்துச் சொல்கிறார் என்றால் பெரியவரின் புத்தி அங்கங்கே எட்டிப்பார்க்கும்; முதலில் சொன்ன கோளாறு அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

படர்க்கை வேண்டும், விகுதி வேண்டாம் என்றால் சில வழிகள் உண்டு. ‘பிள்ளை’, ‘குழந்தை’ என்று எழுதி ‘அழுதது’, ‘ஓடியது’ என முடிப்பது நம் வழக்கிலேயே உள்ளது. பத்து வயது வரை இயல்பாக இருக்கும். அதற்கு மேல் இழுத்தால் மரியாதைக்குறைவாகத் தொனிக்கும். ‘அவர்’ என்று பள்ளிப் பிள்ளையைச் சொன்னால் தலைமையாசிரியர் மாதிரி ஆகிவிடும். வினையெச்சமாகவும் பெயராகவும் முடிக்கும் வாக்கியங்கள் (‘கதவருகே நின்றபடி’, ‘கையில் பழைய பை’) இரண்டு பத்திக்குத் தாங்கும்; பத்துப் பக்கம் தாங்காது, வாசகர் வித்தையைக் கண்டுபிடித்துவிடுவார்.

திருநங்கையாகவோ திருநம்பியாகவோ வளரப்போகும் பிள்ளையை எழுதும்போது, எழுத்தாளரின் குரல் முதல் வரியிலிருந்தே ஒரே விகுதியில் நிற்பது நல்லது. திருநங்கை என்றால் நான்காம் வகுப்பிலும் ‘அவள்’தான். மற்றவர்கள் வாயில் ‘டா’, ‘அவன்’, பழைய பெயர் எல்லாம் வரட்டும். இந்த முரண் தானாக வேலை செய்யும்: ‘அவள் திரும்பினாள். டேய் உன்னைத்தான் என்றார் பி.டி. சார்.’ நடுவில் விகுதியை மாற்றுவது, ‘அவன் அன்று அவளானான்’ என்று ஒரு திருப்பமாக வைப்பது, பழைய உத்தி. பிள்ளை அன்றைக்குத்தான் மாறியது என்று அது பொய் சொல்கிறது.

விளிச்சொற்களில் இன்னும் நுட்பமான வேலை செய்யலாம். பெண் பிள்ளையை வாஞ்சையில் ‘வாடா’ என்று கூப்பிடும் அப்பாக்கள் நம்மிடம் நிறைய. ‘கண்ணு’, ‘தங்கம்’, ‘சாமி’ எல்லாம் இரு பாலுக்கும் பொது. இவற்றில் ஒன்று ஒரு நாள் நின்றுபோவதை எழுதிப் பாருங்கள்:

‘அஞ்சாம் வகுப்பு வரை அப்பா என்னை வாடா என்றுதான் கூப்பிடுவார். லாரி செட்டுக்குக் கூட்டிப்போய் முன்சீட்டில் உட்காரவைத்து, இதான் நம்ம மூத்த பையன் என்று கிளீனர் அண்ணனிடம் சொல்வார். எனக்குத் தண்ணி ஊத்தி முடிந்த மறுநாள் காலையில் வாசலில் நின்று வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் வாளியில் கிடந்த பழைய பனியனை எடுத்துப் பிழிந்தேன். உள்ள போம்மா என்றார்.’

இதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் கெட்டுவிடும். ‘அந்த ஒரு சொல்லில் என் உலகமே இடிந்தது’ என்று எழுத கை துறுதுறுக்கும். ‘ம்மா’ அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. அடுத்த பத்தியை மத்தியானச் சோற்றில் தொடங்குங்கள்.

கெட்ட வார்த்தைகள், நல்ல வார்த்தைகள்

பள்ளியில் இந்தப் பிள்ளைகள் கேட்கும் வசவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை எழுதலாமா கூடாதா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: எழுதலாம், ஒரு கதையில் ஒரு தரம். பத்து தரம் வந்தால் வாசகருக்குத் தோல் தடித்துவிடும். அந்த ஒரு தரமும் வழக்கமாக வைகிற ரௌடிப் பையன் வாயில் வரவேண்டாம். பிள்ளைக்குப் பிடித்தவர் வாயில் வரட்டும். கணக்கில் நூறு வாங்கியதற்குத் தட்டிக்கொடுத்த சார், கூடவே டியூஷன் போகும் நண்பன், கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லும் சித்தப்பா. எழுத்தாளரின் சொந்த வாக்கியத்தில் ஒருபோதும் வரக்கூடாது.

சொல்லே வராமல் சொல்லவும் முடியும். ஒன்பது என்ற எண்ணைப் பாருங்கள். வருகைப்பதிவில் தன் எண் ஒன்பது என்றால் ஒரு பிள்ளையின் வருடம் முழுக்க அதிலேயே ஓடும். ‘ஏழு’, ‘எட்டு’ வரும்போதே கடைசி பெஞ்சில் தொண்டை செருமும். சார் ஒரு கணம் நிறுத்துவார், உதடு மடியும், பிறகு எண்ணை விட்டுவிட்டுப் பெயரைக் கூப்பிடுவார். கருணை என்று நினைத்துத்தான் செய்கிறார். மற்ற நாற்பது பேருக்கும் எண், ஒருவருக்கு மட்டும் பெயர். பிள்ளை கடையில் முட்டை வாங்கும்போதுகூட எட்டு கேட்கிறது, இல்லை பத்து கேட்கிறது. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒன்பதை முணுமுணுத்துத் தாண்டுகிறது. இப்படி ஒரு எண்ணைச் சுற்றியே முழுக் கதையையும் கட்டலாம்.

நல்ல சொற்களுக்கும் காலம் உண்டு. தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மேலே சொன்ன சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக வந்தது அது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, ஊடுபால் (இன்டர்செக்ஸ்), பால்புதுமை போன்ற சொற்கள் இப்போது எழுத்தில் புழங்குகின்றன. ஆசிரியர் குறிப்பிலும் பின்னட்டையிலும் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 1998இல் ஒரு டவுன் பள்ளியில் யார் வாயிலும் அவற்றை வைக்காதீர்கள். ‘திருநங்கை’யும் அப்படித்தான். 2008இல் நல வாரியம் அமைந்த காலத்தை ஒட்டித்தான் ஊர்ப் பேச்சுக்குள் அது பரவியது. தொண்ணூறுகளின் பாட்டி அதைச் சொன்னால் காது உடனே கண்டுபிடிக்கும். அந்தப் பாட்டி என்ன சொல்லியிருப்பார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ‘அது ஒரு மாதிரி’ என்று முடித்திருப்பார்.

ஆசை

இங்கே கறாராக ஒன்று. பதினெட்டு வயது நிரம்பாத பாத்திரத்தை உடலாசைக் காட்சியில் வைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் எழுத்தையும் சேர்த்தே குற்றம் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கதைக்கும் அது தேவையே இல்லை. பிள்ளையின் ஈர்ப்பு கவனத்தில் தெரியும்: யார் லீவு போட்டால் அந்த நாளே நீளமாகிறது, யார் கையெழுத்தைப் பார்த்து ‘ழ’வை மாற்றி எழுதப் பழகுகிறது, யாருடைய டிபன் பாக்ஸ் மூடி எந்த நிறம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இன்னொருத்தியின் ரெக்கார்டு நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிளில் பெயரை ஸ்கேல் வைத்து எழுதி, சரியாக வரவில்லை என்று மூன்று லேபிளைக் கிழிக்கிறாள். போதும்.

பாலியல் கொடுமை நடந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று காரணம் காட்டும் கதைகள் இன்னும் வருகின்றன. காரணம் தேடுகிற புத்தியே அந்தக் கதையைக் கெடுக்கிறது. கொடுமையை எழுத வேண்டியிருந்தால் அதைத் தனிக் கதையாக, கொடுமை செய்தவரைப் பற்றிய கதையாக எழுதுங்கள்.

அளவும் கட்டும்

1,800 முதல் 2,200 சொற்கள் வசதியான அளவு. மூன்று அல்லது நான்கு காட்சி. பெயருள்ள ஆட்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். கதையின் காலம் ஒரு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள். பிறந்ததிலிருந்து கல்லூரி வரை இழுத்தால் அது வாழ்க்கைக்குறிப்பாகிவிடும்.

முதல் 200 சொற்களுக்குள் இடமும் விதியும் வந்துவிட வேண்டும். அடுத்த 500இல் சாதாரண நாள்: பிள்ளை எதில் கெட்டிக்காரர், எதற்குச் சிரிக்கும் என்பதெல்லாம் இங்கேதான். பெரும்பாலான வரைவுகளில் இந்தப் பகுதியே இருக்காது. பிள்ளை முதல் வரியிலிருந்து கடைசி வரை அழுதுகொண்டே இருக்கும். வீட்டில் சீரியல் அம்மாக்களைப் போலப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்கவைக்கிற பையன், அதே திறமைக்காகப் பள்ளியில் அடிவாங்குகிறான் என்றால்தான் அடி வலிக்கும். பிறகு 700 சொற்கள் மையக் காட்சிக்கு. மீதி அதன் பின்விளைவுக்கு.

மையக் காட்சியை மெதுவாக ஓட்டுங்கள். ஆண்டு விழா ஒத்திகையில் நடனத்துக்குப் பெண் வேடம் போட ஆளில்லை, டீச்சர் இவனைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. தெருக்கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற அதே ஊர், ஒரு பையன் வேடம் கலைத்த பிறகும் அதே நடையில் நடந்தால் பொறுக்காது. மேடையில் கைதட்டு, மறுநாள் காலை பால் பூத்தில் சிரிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இரவை எழுதுங்கள்: மை சரியாகப் போகவில்லை, தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கிறான், இமையோரம் கொஞ்சம் விட்டுவைக்கிறான்.

பெற்றோரை அரக்கராக்காதீர்கள், தெய்வமாகவும் ஆக்காதீர்கள். அடிக்கிற அப்பாவுக்கு ஒரு தொழில், ஒரு கடன், ஒரு பயம் கொடுங்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் ‘பையன் எப்படி’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது அவர் பயமாக இருக்கலாம். வீட்டில் யாரும் பிள்ளையை நேராகக் கேட்கமாட்டார்கள். ‘முடிய வெட்டு’, ‘அந்தப் பய கூட சேராத’, ‘அப்பா வர்ற நேரம்’ என்றுதான் வரும். பக்கம் பக்கமாக மனம் திறந்து பேசுகிற அம்மா வந்தால், அந்தப் பேச்சை எடுத்துவிட்டு அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்.

முடிவு

மூன்று முடிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன: தற்கொலை, சென்னைக்கோ மும்பைக்கோ போகும் ரயில், கட்டிப்பிடித்து அழும் பெற்றோர். முதலாவதைத் தவிர்க்கவே சொல்வோம். இதே நிலையில் உள்ள பிள்ளைகளும் படிப்பார்கள். தவிர்க்க முடியாத கதை என்றால் எப்படிச் செய்தார் என்ற விவரத்தையாவது விடுங்கள். ரயில், பிள்ளை எங்கே போகிறது, அங்கே யார் சோறு போடுவார்கள் என்று யோசிக்காமல் எழுத்தாளர் தப்பிப்பதற்கான வழி. மூன்றாவது ஒரே நாளில் நடப்பதில்லை. கதையின் காலமோ இரண்டு வாரம்.

பிள்ளை செய்யும் ஒரு சிறு செயலில் நிறுத்துங்கள். அதில் ஒரு தீர்மானம் இருக்க வேண்டும், ஒரு விலையும் இருக்க வேண்டும். கழற்றிய சைக்கிள் கூடையைத் தங்கைக்குக் கொடுக்கலாம். வருகைப்பதிவில் பெயரைக் கூப்பிட்டதும் ‘ஒன்பது, பிரசன்ட் சார்’ என்று தன் எண்ணைத் தானே சொல்லலாம். சாரின் முகம் எப்படி மாறியது என்று எழுத வேண்டாம். ‘பத்து’ என்று அடுத்ததைக் கூப்பிடட்டும்.

அனுப்புவதற்கு முன்

இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் அந்த வாழ்க்கையைத் தெரிந்தவர், இன்னொருவர் அந்த ஊரைத் தெரிந்தவர். ‘பிடிச்சிருக்கா’ என்று கேட்காதீர்கள். எந்த வரியில் எழுத்தாளர் பேசுகிறார், எந்தச் சொல் அந்த வருடத்தில் இல்லை, எந்த இடத்தில் பிள்ளை உங்களுக்குப் பாவமாக மட்டும் தெரிந்தது என்று கேளுங்கள்.

நிஜ மனிதர்கள் கதைக்குள் இருந்தால் கூடுதல் கவனம். ஒருவரின் விருப்பமின்றி அவரது அடையாளத்தை ஊருக்குச் சொல்வது அவருக்கு வேலையையும் வீட்டையும் இழக்கவைக்கலாம். பெயரை மாற்றினால் போதாது. ‘பஸ் ஸ்டாண்டு எதிரே டைலர் கடை, இரண்டு அக்கா, என்.சி.சி.யில் இருந்தவன்’ என்ற மூன்று விவரம் சேர்ந்தாலே பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழு ஆளைக் கண்டுபிடித்துவிடும். மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள். ஊரையும் பக்கத்து மாவட்டத்துக்கு நகர்த்துங்கள். வட்டார வழக்கு ஒத்துப்போகிற மாவட்டமாகப் பாருங்கள்.

எழுதுகிறவர் தன்னையே மறைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தால் புனைபெயர் மட்டும் காப்பாற்றாது. வேர்டு கோப்பின் பண்புகள் பகுதியில் கணினியில் பதிந்த பெயர் அப்படியே இருக்கும். ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ போய், ஆவணத்தைச் சோதிக்கும் வசதியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள். புனைபெயருக்குத் தனி மின்னஞ்சல் தொடங்கும்போது மீட்பு எண்ணாக அப்பாவின் போன் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். சன்மானம் வங்கிக் கணக்குக்கு வரும் என்றால் சட்டப் பெயர் ஆசிரியர் குழுவில் ஒருவருக்காவது தெரியத்தான் செய்யும். அது யார், அவரைத் தாண்டிப் போகாதா என்று கதையை அனுப்பும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இதழுக்கு அனுப்பலாம்.